முனுசாமிக்கு, உன் காலைப் பற்றி

நகரி

அன்புள்ள முனுசாமி,

இங்கு அனைவரும் நலம். பாவு ஓட்டும் கோவிந்தன் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. உனக்கு நன்றாகத் தெரிந்த அதே ஏகாம்பரகுப்பத்து வீடுதான், சிரிக்காதே. தொலைபேசியில் உன் காலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது.

உன் கடிதத்தில் தங்கச்சியின் தொடையில் நீலமும் சிவப்புமாக ஓடும் மெல்லிய கோடுகளைப் பற்றி இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். உன் உள்கணுக்காலுக்கு மேலே தீபாவளியிலிருந்து ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறாய். பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பயப்படுகிறாய். அவளுடையவை தோலை ஒட்டி ஓடும் மிகச் சிறிய ரத்தக்குழாய்கள். கால் வீக்கமோ கனமோ இல்லையென்றால் அவற்றால் கெடுதல் இல்லை. பார்வைக்கு உறுத்துகிறது என்று அவள் நினைத்தால், மயிரிழை போன்ற ஊசியால் மருந்து செலுத்தி அவற்றைச் சுருங்க வைப்பார்கள். ஒரே அமர்வில் முடியாது, மறையச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குப் பழுப்புக் கறை தங்கும், பின்னால் புதிதாகவும் தோன்றலாம். அவசரமே இல்லை என்று சொல்லிவிடு.

உன் கதை வேறு. என் தம்பி சேகருக்கும் இப்படித்தான், காலில் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) கயிறு போலப் புடைத்துக்கொள்ளும் வெரிகோஸ் நோயில் தொடங்கி, அரிப்பு, தோல் கறுத்து இறுகுதல் என்று படிப்படியாக வந்தது. திருப்பதியில் ஸ்கேன் எடுத்தபோது உடனிருந்தேன். படுக்க வைக்கவில்லை, நிற்க வைத்தே பார்த்தார்கள். மருத்துவர் கெண்டைச் சதையை அழுத்தியதும் திரையில் ஒரு நிறம் மேலே பாய்ந்தது. கையை எடுத்த மறுகணம் வேறு நிறமாகி அத்தனையும் கீழே திரும்பி வந்தது. ரத்தம் கீழிறங்காமல் தடுக்க வேண்டிய வால்வுகள் தொடையில் தோலடியில் ஓடும் சிரையில் பழுதாகிவிட்டன; நாள் முழுக்கத் தறியருகே நிற்கும்போது அந்தச் சுமை முழுவதும் கணுக்காலில் போய் அழுத்துகிறது. காரணம் மேலே இருக்கும்போது, நீ கீழே மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் பூசிக்கொண்டிருந்தால் புண் எப்படி ஆறும்?

கத்தி வைத்துச் சிரையை உருவி எடுத்த ஏழுமலை அண்ணனின் காலத்தை நினைத்து நடுங்காதே. சேகருக்கு முழங்கால் பக்கம் ஊசி குத்திய அளவு துளைதான். அதன் வழியாக மெல்லிய குழாயைத் தொடையிடுக்கு அருகே வரை செலுத்தி, சிரையைச் சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை ஏற்றினார்கள். வலித்தது அந்த ஊசிகள்தான் என்றான். பிறகு ரேடியோ அலையால் 120 டிகிரி வெப்பம், 7 சென்டிமீட்டர் துண்டுக்கு 20 விநாடி வீதம், குழாயைக் கீழே இழுத்துக்கொண்டே வந்து சிரையை மூடிவிட்டார்கள். ரத்தம் உள்ளே இருக்கும் ஆழமான சிரைகள் வழியே போய்விடுமாம். அன்றே நடந்தான். சில நாள்கள் தொடையில் ஏதோ இழுத்துப் பிடித்தது, முழங்காலுக்குக் கீழே ஓரிடம் மரத்திருந்தது. காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை மட்டும் வேளை தவறாமல் திட்டிக்கொண்டிருந்தான்.

லேசர் முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பசை செலுத்தி ஒட்டும் முறையில் தொடை நெடுகிலும் ஊசிகள் இல்லை. ஆனால் செலவு கூடுதல், சிலருக்குத் தோல் சிவந்து ஒவ்வாமை வருகிறது. வளைந்து நெளிந்த சிரைகளில் குழாய் நுழையாது என்பதால் அங்கே மருந்தை நுரையாக்கிச் செலுத்துகிறார்கள். அப்படி மூடியது மறுபடி திறந்துகொள்வதும் உண்டு. எந்த முறையானாலும் ஆழமான சிரையில் ரத்தம் உறையும் சிறு ஆபத்து இருக்கிறது. அதனால்தான் அன்றே நடக்கச் சொல்கிறார்கள். ஸ்கேனே எடுக்காமல் விளம்பரத்தைக் காட்டி ஒரு முறையை விற்பவரிடம் மட்டும் போகாதே.

ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று நீ சொல்வாய் என்பதால் இதையும் கேள். புண் உள்ளவர்களை வைத்து பிரிட்டனில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், இறுக்கக் கட்டுப்போட்டுக்கொண்டே சிரையையும் உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. கட்டோடு காத்திருந்தவர்களுக்கு அதே நிலைக்கு 82 நாளானது. காத்திருப்பதால் உனக்கு லாபம் என்ன?

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். மருந்துக்கடையில் காலுறையை வாங்கி நீயே மாட்டிக்கொள்ளாதே. பீடி, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை அடைக்கும்; அதை விட்டுவிட்டதாக நீ சொல்வதை நான் நம்பவில்லை. தமனி அடைத்திருக்கும் காலை இறுக்கினால் கால் அழுகிப்போகலாம். பாதத்து நாடியைப் பார்த்து, தமனி ஓட்டம் சரியென்று மருத்துவர் சொன்ன பிறகுதான் காலுறையும் கட்டும்.

தறியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வியாழக்கிழமை வந்து சேர்; மறுநாள் காலை ரயிலில் நானும் சேகரும் உன்னுடன் வருகிறோம். சர்க்கரை பார்த்த சீட்டை மறக்காமல் கொண்டு வா. தொடையிடுக்கு வரை நிற்க வைத்துப் பார்ப்பார்கள், எனவே வேட்டியே கட்டிக்கொள். வெட்கப்படுவதை வீட்டிலேயே முடித்துவிட்டு வா.

அன்புடன்,
தணிகாசலம்