வீடு திரும்பிய குழந்தையின் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுப் பணியாளர்களுக்கும், மீட்கப்பட்ட பிள்ளைகள் தங்கும் குழந்தைகள் இல்லங்களின் கண்காணிப்பாளர்களுக்கும் தரப்படும் பயிற்சி பெரும்பாலும் சட்ட வகுப்பாகவே முடிகிறது. மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவது, 15 நாளில் குடும்பப் பின்னணியைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கை, 4 மாதத்தில் இறுதி ஆணை ஆகியவை தெரிந்தே இருக்க வேண்டும். ஆனால் இவை பணியாளரின் வேலைக் கணக்கு. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு வேறு.

அதைப் போடும்போது சறுக்குவது பட்டியலில்தான். மார்ச் 31 அன்று இல்லத்தில் இருப்பவர்களை வைத்துச் சராசரித் தங்கும் காலம் பார்ப்பார்கள். மூன்றே வாரத்தில் வீடு போன பிள்ளைகள் அதில் இருக்கவே மாட்டார்கள். பல ஆண்டாக இருப்பவர்கள்தான் மிஞ்சுவார்கள். அதற்குப் பதில், ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்த அத்தனை பேரையும் ஒரு பட்டியலாக எழுதி, யார் எப்போது வீடு போனார், போனவர் 12 மாதத்துக்குள் திரும்பி வந்தாரா என்று பார்த்து வர வேண்டும். திரும்பி வந்தவர்களை எண்ணாமல், குடும்பத்திடம் ஒப்படைப்பதை மட்டும் இலக்காக்கினால் விபரீதம். மாதம் பத்து என்றால் பத்துப் பேரை ஒப்படைத்துவிடுவார்கள். அதே பிள்ளை வேறு மாவட்ட ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டால் அங்கே அது புது வழக்கு!

பயிற்சிக்கு ஸ்லைடு எதற்கு? முடிந்துபோன பத்துக் கோப்பு போதும். எழுதியவர் அல்லாத இருவர் தனித்தனியே படித்து, கோப்பு எழுதப்பட்ட விதத்துக்கு மதிப்பெண் போடட்டும். ஒவ்வொரு குழந்தைக்குமான தனிநபர் பராமரிப்புத் திட்டம்தான் படிவம் 7. அதில் முன்னேற்ற அறிக்கை முதல் 3 மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. முதல் 3 மாதத்தின் ஆறு அறிக்கையிலும் ‘நலமாக உள்ளார்’ என்றே இருந்தால் அடுத்து வரும் ஆற்றுப்படுத்துநருக்கு அதில் என்ன கிடைக்கும்? ‘வாரம் 4 நாள் பள்ளி போகிறான், இரவில் படுக்கை நனைப்பது குறைந்திருக்கிறது’ என்று இருக்க வேண்டும். இருவர் மதிப்பெண்ணும் வெகுவாக விலகினால் முதலில் அளவுகோலைத் திருத்துங்கள்.

அடுத்து ஒரே ஒரு குறையை எடுக்க வேண்டும். வீடு திரும்பிய பின் நிலையை எழுதும் பகுதி காலியாகக் கிடக்கிறது என்று வையுங்கள். காரணம் பெரும்பாலும் சின்னது: கோப்பில் அப்பாவின் செல் எண் மட்டும், அதுவும் ரீசார்ஜ் இல்லை. ஒப்படைக்கும் நாளில் தாய்வழி உறவினர், பள்ளித் தலைமையாசிரியர் எண்களையும் வாங்கி, அங்கேயே அழைத்துச் சரிபார்க்கலாம். (பக்கத்து வீட்டு எண் வேண்டாம், ஊருக்கே தெரிந்துவிடும்.) ஓர் இல்லத்தில், அடுத்த பத்துக் குழந்தைகளுக்கு மட்டும் இதைச் செய்து, 30-ஆம் நாள் எத்தனை குடும்பம் கிடைத்தது என்று எண்ணுங்கள். பலன் இருந்தால் மற்ற இல்லங்களுக்கு. இல்லையேல் முறையை மாற்றிப் பாருங்கள்.

இந்தக் கணக்கைக் காட்டிப் பணியாளருக்கு மெமோ கொடுத்தால் அடுத்த மாதமே எல்லாக் கட்டமும் அழகாக நிரம்பிவிடும். பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். முதல் ஓராண்டுக்காவது இந்தக் கணக்கைப் பணி நீட்டிப்போடு சேர்த்துப் பார்க்க மாட்டோம் என்று துறை எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பயிற்றுநர்கள்,
திருச்சி