அன்னத்தின் கழுத்தருகே

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துகொள். இங்கே எல்லோரும் நலம். சரோஜாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. கொல்லை முருங்கை இந்த வருஷம்தான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தை மாதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீடு இப்போதே கலகலவென்று இருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கருந்துளையைப் பார்க்க மலைக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். ஒளியே வெளியே வர முடியாத ஒன்றை எப்படியடா பார்ப்பாய்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. சந்தோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன். நான் பார்த்தது கருந்துளையை அல்ல, அதைச் சுற்றிவரும் விண்மீனை. ஆனால் ஒன்று சொல்கிறேன் சுந்தரம், அந்த விண்மீனைப் பார்ப்பதைவிட நெருக்கமாக அந்தக் கருந்துளையை நம்மைப் போன்றவர்கள் நெருங்க முடியாது.

ஐப்பசி அமாவாசைக்கு முந்தின நாள். தம்பி மகன் ஜவ்வாது மலையில் வேலை பார்க்கிறான் அல்லவா, அவன் வீட்டு மொட்டை மாடி. மழை விட்டு வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. ஏழு மணிக்கு அன்னம் விண்மீன்தொகுதி வடக்கே நல்ல உயரத்தில் நின்றது. நீட்டிய கழுத்தின் நடுவே ஈட்டா சிக்னி என்று ஒரு விண்மீன், வெறும் கண்ணுக்கே தெரியும். அதிலிருந்து முழுநிலாவின் அகலத்துக்கும் சற்றுக் குறைவான தூரத்தில், என்னுடைய ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஒரு புள்ளி. பார்க்க எந்த விசேஷமும் இல்லை, பக்கத்தில் அதே மாதிரி பத்துப் புள்ளிகள். வரைபடத்தோடு மூன்று முறை ஒப்பிட்ட பிறகுதான் உறுதியானது. விண்மீன் பட்டியலில் அதன் பெயர் எச்டிஇ 226868. சுமார் 7,200 ஒளியாண்டு தொலைவு. அந்தப் புள்ளியை 5.6 நாளைக்கு ஒருமுறை தன்னோடு சுழற்றிக்கொண்டிருக்கிறது சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் கருந்துளை. கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

அதைக் கண்டுபிடித்த கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் நாம் இருவரும் செய்த வேலை இருக்கிறது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் சோடியம் விளக்கை ஏற்றி, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் அந்த இரண்டு மஞ்சள் கோடுகளைத் தேடினோமே, நீ அதன் நுண்ணளவுகோலான வெர்னியரைப் படிக்க நான் குறித்துக்கொள்வேனே, அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

எக்ஸ் கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் விழுங்கிவிடும். அதனால் அவற்றைப் பார்க்க வளிக்கு மேலே போயாக வேண்டும். 1964-இல் ஒரு ராக்கெட் போன சில நிமிடங்களில்தான் அன்னத்தின் பக்கமிருந்து எக்ஸ் கதிர் வருவது முதலில் தெரிந்தது. பிறகு 1970 டிசம்பர் 12 அன்று, கென்யக் கடலோர மேடை ஒன்றிலிருந்து ஒரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் விடுதலை நாள், அதனால் சுவாஹிலி மொழியில் 'உஹுரு', அதாவது விடுதலை என்று பெயர் வைத்தார்கள். உஹுரு பார்த்தபோது சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கூடிக் குறைந்து படபடத்தது. இவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்றால் பொருள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒளியே அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக நேரம் வேண்டுமே!

ஆனால் வானத்தில் அது எந்த இடம் என்று துல்லியமாகத் தெரியவில்லை. அந்தக் கால எக்ஸ் கதிர்க் கருவிகள் 'இந்தத் தெருவில் எங்கேயோ' என்கிற அளவுக்குத்தான் சொல்லும். வழிகாட்டியது ரேடியோ அலை. 1971-இல் அந்தப் பகுதியில் ரேடியோ அலை வரும் இடம் ஒன்று புதிதாகத் தெரிந்தது. எக்ஸ் கதிரின் போக்கு மாறிய அதே சமயத்தில் அது தோன்றியிருந்தது. அந்த இடத்தில் நின்றது நான் பார்த்த அந்தப் புள்ளிதான், மிகப் பெரிய நீல விண்மீன் ஒன்று.

அப்புறம்தான் நம் நிறமாலைமானி. இங்கிலாந்தின் ராயல் கிரீனிச் வானாய்வகத்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும், டொரன்டோவுக்கு அருகில் டேவிட் டன்லப் வானாய்வகத்தில் டாம் போல்டனும், தனித்தனியாக அந்த நீல விண்மீனின் நிறமாலைக் கோடுகளை இரவுக்கு இரவு அளந்தார்கள். கோடுகள் ஒரு பக்கம் நகர்ந்தன, பிறகு மறுபக்கம் நகர்ந்தன. டாப்ளர் விளைவு, வேறொன்றும் இல்லை. விண்மீன் நம்மை நோக்கி வருகிறது, விலகிப் போகிறது, 5.6 நாளில் ஒரு சுற்று. இவ்வளவு பெரிய விண்மீனை இப்படி ஆட்டுவதற்குப் பக்கத்தில் கனமான ஒன்று இருக்க வேண்டும். அதன் கோடுகளோ நிறமாலையில் இல்லவே இல்லை. கெப்ளர் விதியைப் போட்டுப் பார்த்தால், பெரிய விண்மீன் செத்த பிறகு மிஞ்சும் இறுகிய உருண்டையான நியூட்ரான் விண்மீனாக இருக்க முடியாத அளவுக்குக் கனம். இரண்டு குழுக்களின் முடிவும் 1972-இல் சில வார இடைவெளியில் வெளிவந்தன. உலகத்தை நம்ப வைத்தது ஏதோ அபூர்வக் கருவி இல்லையடா. ஒரு கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பொறுமையாக அளந்ததுதான்.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. நீல விண்மீனின் எடையைத் தவறாகக் கணித்திருந்தால் கருந்துளையின் எடையும் தவறாகிவிடும். ஸ்டீபன் ஹாக்கிங் இது கருந்துளை இல்லை என்று கிப் தார்ன் என்ற இயற்பியலாளரோடு 1974-இல் பந்தயமே கட்டினார், 1990-இல்தான் தோற்றதாக ஒப்புக்கொண்டார். இப்போது அதன் எடை சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு என்று வந்திருக்கிறது. 2021-இல் ரேடியோ தொலைநோக்கிகளால் தூரத்தைத் திருத்தமாக அளந்தபோது, முன்பு நினைத்ததைவிடக் கனம் கூடிவிட்டது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதே அன்னத்தில் இருக்கும் வி404 சிக்னி. 1938-இல் திடீரென்று பிரகாசித்ததை நோவா என்று குறித்துவைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். 1989-இல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அங்கிருந்து எக்ஸ் கதிர் கொட்டுவதைப் பார்த்தது. அது அடங்கிய பிறகு, லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் துணை விண்மீனின் கோடுகளை அளந்தார்கள். நொடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகம், ஆறரை நாளில் ஒரு சுற்று. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டே, துணையின் எடையோ பாதையின் சாய்வோ தெரியாமலேயே, மறைந்திருப்பது சூரியனைப்போல் குறைந்தது 6 மடங்கு எடை என்று வந்துவிடுகிறது. நியூட்ரான் விண்மீன் ஏறக்குறைய மூன்று மடங்குக்கு மேல் தாங்காது. தப்பிக்க வழியில்லை! 1992-இல் வந்த அந்த முடிவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எழுந்து கொல்லைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

துணை விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுழன்று சுழன்று தட்டாகப் படிகிறது, உராய்ந்து சூடேறுகிறது. உள் ஓரத்தில் வெப்பம் ஒரு கோடி டிகிரியைத் தொடுகிறது, எக்ஸ் கதிர் அங்கிருந்துதான் வருகிறது. வி404-இல் இந்தத் தட்டு வருஷக்கணக்கில் நிரம்பி, பிறகு ஒரேயடியாகக் கொட்டும். 2015 ஜூனில் மறுபடி கொட்டியபோது அதன் கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிமிடக் கணக்கில் ஏறி இறங்கியது. 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருந்தால் போதும், அதைக் கண்ணால் பார்க்கலாம். உலகம் முழுக்க அமெச்சூர் ஆட்கள் பார்த்தார்கள். நான் அந்த மாதம் முழுக்க மழை மேகத்தைத்தான் பார்த்தேன். இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை.

நியூட்ரான் விண்மீன் என்றால் எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பாய். அதற்கு மேற்பரப்பு உண்டு, அதுதான் வித்தியாசம். சென்டாரஸ் எக்ஸ்-3 என்பதை உஹுரு பார்த்தபோது 4.8 நொடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் மாதிரி. அந்தத் துடிப்பு கொஞ்சம் முந்தி வரும், கொஞ்சம் பிந்தி வரும், 2.1 நாளில் ஒரு சுற்று. அதோடு ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அரை நாள் முழுசாக அணைந்துவிடும், பெரிய துணைக்குப் பின்னால் போய்விடுவதால். கிரகணம்! வேறு சில நியூட்ரான் விண்மீன்களில் மேலே படிந்த வாயு அணு வெடிப்பாகப் பற்றிக்கொண்டு சில நொடிகள் எரிந்து அடங்கும். கருந்துளையில் இது நடக்காது, வாயு படிவதற்குத் தரையே இல்லையே.

நம் நாட்டு அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது முதல் இப்படி ஒன்றையொன்று சுற்றும் இரட்டைகளை நிறையக் கவனித்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் தேதி போன எக்ஸ்போசாட் செயற்கைக்கோளுக்கும் அதுவும் ஒரு வேலை.

எக்ஸ் கதிரே இல்லாமலும் இப்போது கண்டுபிடிக்கிறார்கள். கையா விண்கலம் விண்மீன்களின் இடத்தை வருஷக்கணக்கில் துல்லியமாக அளந்தது. நம் சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன் ஒன்று, எதுவும் தெரியாத ஓர் இடத்தைச் சுற்றி 186 நாளில் வட்டமிடுவது 2022-இல் தெரியவந்தது. அது கையா பிஎச்1, சுமார் 1,560 ஒளியாண்டு. அங்கே வாயு எதுவும் விழவில்லை, முழு அமைதி. எண்ணிப் பார், துணை மட்டும் இல்லாவிட்டால் அது இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

நீண்டுவிட்டது. இன்னொரு கண்ணும் ஆறிய பிறகு, வரும் புரட்டாசி அமாவாசைக்கு இங்கே வந்துவிடு. மழை தொடங்குவதற்கு முன்னால் மலைக்குப் போய்விடலாம். பேரனோ பேத்தியோ அதற்குள் தவழ்ந்துகொண்டிருக்கும், பார்த்த மாதிரியும் இருக்கும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து வைக்கிறேன். வெர்னியரைப் படித்தவன் நீதான், அதனால் முதலில் நீ பார்.

மீனாட்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்.

அன்புடன்,
ராமநாதன்