42 பெட்டிகளும் வந்து சேர்ந்தன

அன்புள்ள அனைவருக்கும்,

இங்கே குடிவந்தபோது கப்பலில் அனுப்பிய எங்கள் வீட்டுச் சாமான்கள் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. 6 வாரம் என்று சொல்லி அனுப்பியது, 11 வாரம் ஆகிவிட்டது. அத்தனை நாளும் நாங்கள் படுத்ததும் சமைத்ததும் பிறர் கொடுத்த பொருட்களில்தான். நேரில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் எழுதினால்தான் மனம் ஆறும்.

முதலில், புறப்படும் முன் பெட்டி கட்டிக் கொடுத்த அண்ணனுக்கு. ஒரு பெட்டியின் மேல் நான் ‘இதர சாமான்கள்’ என்று எழுதியதும் பேனாவை வாங்கிக்கொண்டார். “இப்படி எழுதினா சுங்கத்துல இதைத்தான் முதல்ல பிரிப்பாங்க. உள்ளே என்ன இருக்கோ அதை எழுதுங்க. உபயோகிச்ச பொருள்னும் சேர்த்து எழுதுங்க” என்றார். இரவு வெகுநேரம் கூடவே உட்கார்ந்து 42 பெட்டிகளுக்கும் எண் போட்டார். பட்டியலில் ஒரு பிரதியைக் கைப்பையில் வைக்கச் சொன்னார். புத்தகங்களுக்கு நடுவே ஈரம் உறிஞ்சும் பைகளைப் போட்டவரும் அவர்தான். கடலில் வெயிலும் குளிரும் மாறி மாறி வரும்போது கன்டெய்னரின் உட்கூரையில் நீர் கோத்துச் சொட்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அண்ணா, ஒரு புத்தகத்தில்கூடப் பூசணம் இல்லை.

அப்புறம், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் போனை எடுத்த அந்த அம்மாவுக்கு. ஐந்தாம் வாரம், நாங்கள் இணையத்தில் தினமும் பின்தொடர்ந்த கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. சாமான் மட்டும் வரவில்லை. அனுப்பிய நிறுவனத்துக்கு எத்தனை மெயில் போட்டாலும் அதே ஒரு வரி பதில்தான். நீங்கள்தான் பொறுமையாக விளக்கினீர்கள். 20 அடி கன்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு, எங்களுடையது 6 கன மீட்டர்தான். பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள், நடுவில் ஒரு துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலுக்காக வைத்திருக்கிறார்கள். இருக்கும் இடம் தெரிந்த அன்றுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

சரக்கை ஏற்றியதற்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் நகல் மட்டுமே எங்களிடம் இருப்பதையும், சரக்கை எடுக்க அது போதாது என்பதையும் நீங்களே கவனித்தீர்கள். சரக்கு ஏற்றிய ஊரிலேயே அசலை ஒப்படைத்து, இங்கே சரக்கை விடுவிக்கச் செய்தி அனுப்பச் சொல்லலாம் என்று, சரக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வழி சொன்னீர்கள். இல்லையென்றால் சரக்கை வாடகையில்லாமல் வைத்திருக்கும் இலவச நாட்கள் முடிந்து கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறியிருக்கும். எங்களுக்காகப் பேச உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை.

மெத்தையும் தலையணையும் கொடுத்த அலுவலக நண்பர்களே, உங்கள் மெத்தையைத் துவைத்த உறையோடு திருப்பித் தருகிறோம்.

சாமான் இறக்கிய இரண்டு தம்பிகளுக்கும் நன்றி. கடைசியில் 17ஆம் எண் பெட்டியைக் காணோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், நானும் களைப்பில் போட்டிருப்பேன். “எண்ணி முடிக்காம கையெழுத்துப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு லாரிக்குள் மறுபடி ஏறி, இன்னொருவர் சோபாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தீர்கள். தாத்தாவின் புகைப்படங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன.

கீழ் வீட்டு அக்கா, உங்களுக்கு எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்தீர்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்ததைப் பார்த்தீர்கள் போல. ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று எங்கள் வாசலில் இருந்தது, அதன் மேல் இரண்டு பாத்திரங்கள். முட்டி வலியோடு அம்மா அந்த வாரங்களைக் கடந்தது அந்த நாற்காலியால்தான்.

எங்கள் நாற்காலி வந்த பிறகும் அம்மா உங்களுடையதில்தான் உட்காருகிறார். ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு வருகிறேன் அக்கா. அம்மாவும் கூடவே படியிறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
மேல் வீட்டிலிருந்து