வன்னியில் ஒரு மாதிரி விமான மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, ரியூசன் கொட்டிலை இந்த வருடமும் வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ரீச்சர் அவர்களே, வணக்கம்.

போன சித்திரையிலிருந்து இந்தப் பங்குனி வரையான அறிக்கை இது. சென்ற ஆண்டு நான் வாசித்து முடிப்பதற்குள் வடை ஆறிப்போய்விட்டது என்று முறைப்பாடு வந்தது. அதனால் எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு 17 பேராக இருந்தோம். இருவர் விலகினர், நால்வர் சேர்ந்தனர், இப்போது 19 பேர். விலகியவர்களில் ஒருவர் கனடா போய்விட்டார். போகும்போது பாதி முடிந்த போயிங் 727 ஒன்றை மன்றத்துக்குத் தந்துவிட்டுப் போனார். வலது சிறகு பெட்டிக்குள் இல்லை. அதையும் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டாரோ என்று சந்தேகம். மாதம் இரண்டு ஞாயிறு வீதம் 24 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். மழையால் இரண்டு போயிற்று. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் நாள் வைத்த கூட்டத்துக்குத் தலைவரும் நானும் மட்டுமே வந்தோம், அதைக் கூட்டம் என்று குறிப்பேட்டில் எழுத மனம் வரவில்லை. சந்தா பழையபடி மாதம் 200 ரூபா. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

கட்டி முடித்தவை 11. அரைகுறையாக நிற்பவை எத்தனை என்று கேட்காதீர்கள், அவற்றில் இரண்டு என்னுடையவை.

இந்த வருடம் அதிகம் பேசப்பட்டது நம் விதிகளைப் பற்றித்தான். புதிதாகச் சேர்ந்த தம்பிமார் இருவர் ஆவணியில் எழுத்தில் கடிதம் தந்தார்கள்: போர் விமானங்களையும் அனுமதிக்க வேண்டும், அவற்றின் மாதிரிப் பெட்டிகள் மலிவு, வகைகளும் கூட. நியாயமான கோரிக்கைதான். மன்றம் தொடங்கியபோது இரண்டே விதிகள் வைத்தோம். ஒன்று, ஆட்களை ஏற்றும் விமானம் மட்டும். இரண்டு, எதையும் கூரையில் தொங்கவிடுவதில்லை, எல்லாம் மேசையில், சில்லில் நிற்க வேண்டும். இரண்டாவது விதி எப்படி வந்தது என்று புதியவர்கள் கேட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். தொடக்க காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கொமெட் என்ற பழைய ஜெட் பயணிகள் விமானத்தின் தன் முதல் மாதிரியை மீன்பிடி நரம்பில் கட்டி வீட்டு விறாந்தையில் தொங்கவிட்டார். அம்மா கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார். பின்னேர வெயிலில் விமானத்தின் நிழல் சீமெந்துத் தரையில் மெல்ல ஆடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியை வைத்துவிட்டுத் திரும்பிக் கிணற்றடிக்கே போய்விட்டார். மகன் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்த பிறகுதான் உள்ளே வந்தார். கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தம்பிமாருக்கு அப்போது பால்குடி வயது, அது அவர்களின் குற்றமில்லை.

விவாதம் ஒரு மணி நேரம் ஓடியது. தம்பிமாரில் ஒருவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டார்: கொமெட்டின் உடலை வைத்துத்தானே நிம்ரொட் என்ற இராணுவ விமானத்தைச் செய்தார்கள், பயணிகளை ஏற்றிய விசி-10களில் சில பிறகு பிரித்தானிய விமானப்படைக்கு எரிபொருள் ஊற்றும் விமானங்கள் ஆகினவே, அப்போ எந்த இடத்தில் கோடு போடுவது? பதில் சொல்ல வேண்டிய மூத்தவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அவ்ரோவும் ஆள் ஏத்தின பிளேன்தான் தம்பி" என்றார். இலங்கையின் பழைய விமான நிறுவனமான எயார் சிலோன் ஓட்டிய அவ்ரோவை எங்கள் தலைமுறை குண்டு போட்ட விமானமாகவும் அறியும். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கை உயர்த்தியதில் விதியை வைத்திருக்க 12, மாற்ற 5, இருவர் வரவில்லை. தம்பிமார் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒருவர் அடுத்த ஞாயிறே கரவெல் என்ற பிரெஞ்சுப் பயணிகள் விமானம் ஒன்றோடு வந்தார். அதைக் கொமெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர் கொமெட்டின் மூக்கு வடிவமைப்பை அனுமதி பெற்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

தொங்கவிடக்கூடாது என்ற விதியால் நமக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. இயந்திரம் பின்னால் இருக்கும் விமானங்கள் எல்லாம், ட்ரைடன்ட், விசி-10, 727, கரவெல், மேசையில் வைத்தவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் குந்திவிடும். மூக்குக்குள் பாரம் வேண்டும். முல்லைத்தீவு அண்ணை வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை ஒரு சட்டித் தகரம் நிறையக் கொண்டுவந்து தந்ததில் அந்தத் தொல்லை தீர்ந்தது. புதியவர்களுக்கு முறையைச் சொல்கிறேன்: உடலின் இரு பாதியையும் ஒட்டுவதற்கு முன் ரேப்பால் சுற்றி, சிறகையும் வாலையும் தற்காலிகமாகப் பொருத்தி, பின் சில்லு வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். மூக்குப் பக்கம் சாயும்வரை ஈயம் போடுங்கள், பிறகு இன்னும் ஒரு குண்டு போடுங்கள், ஏனென்றால் வாலுக்குப் பூசும் பெயின்றுக்கும் நிறை உண்டு. ஒட்டி முடித்தபின் திறக்க வழி இல்லை. ஈயத்தைத் தொட்ட கையோடு வடை எடுக்கவேண்டாம்.

ட்ரைடன்ட் பற்றி இன்னொன்று. மல்லாவியிலிருந்து வரும் தம்பி எயர்பிக்ஸ் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டி ஒன்றில் எயார் சிலோனின் ட்ரைடன்டைக் கட்டத் தொடங்கினார். 1969இல் வாங்கிய, 4ஆர்-ஏசிஎன் என்ற பதிவு எண் கொண்ட அது, எயார் சிலோனிடம் இருந்த ஒரே ட்ரைடன்ட். பெட்டியில் வருவது 1சி வகை, இலங்கைக்கு வந்தது 1ஈ. சிறகு நீளம், ஒவ்வொரு நுனியிலும் ஐந்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல் கூட்ட வேண்டும். அதை அவர் அழகாகவே செய்தார். கூட்டத்துக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தோம், முன் சில்லு நட்டநடுவில் இருந்தது. "பெட்டியில பிழையாய் இடப்பக்கம் ஓட்டை போட்டிருந்தாங்கள் அண்ணை, நான் பட்டி வைச்சு அடைச்சுப்போட்டு நடுவிலை துளைச்சன்" என்றார் பெருமையோடு. உண்மையான ட்ரைடன்டில் முன் சில்லு நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் இடப்பக்கம்தான் இருக்கும். மடியும்போது பின்னாலோ முன்னாலோ போகாமல் பக்கவாட்டில் மடியும். அந்த இடத்தில் தானாகத் தரையிறங்கும் கருவிகளுக்கு அறை தேவைப்பட்டது. 1965இல் பயணிகளோடு முதன்முதல் தானாகத் தரை தொட்டது இந்த விமானம்தான். நாங்கள் கட்டும் 144இல் ஒரு பங்கு அளவில் அந்த விலகல் நாலு மில்லிமீற்றர். தம்பி முகம் வாடிப்போய்விட்டது. மூன்று ஞாயிறு வரவில்லை. நாலாவது ஞாயிறு சில்லை இடப்பக்கம் மாற்றிக்கொண்டு வந்தார். பட்டி வைத்த தடம் தெரியாமல் செய்திருந்தார், நான் பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.

கொமெட் வேலை தலைவருடையது. எயார் சிலோன், பிரித்தானிய விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யிடம் வாடகைக்கு எடுத்துப் பறந்த கொமெட் 4 வேண்டும் என்று பிடிவாதம். கிடைத்த பெட்டியோ 4பி. உடலில் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் வெட்டிக் குறைக்க வேண்டும், சிறகை நீட்ட வேண்டும், 4பியில் இல்லாத எரிபொருள் தாங்கிகளைச் சிறகின் முன்விளிம்பில் வைக்க வேண்டும். தாங்கிகளைப் பழைய குமிழ்முனைப் பேனாக் குழாயிலிருந்து செய்தார். நல்ல யோசனை. வெட்டிய உடலில் ஜன்னல் வரிசை ஒரு மயிரிழை ஏறி இறங்கி நிற்கிறது, அது அவருக்கும் தெரியும்.

அந்த வேலையை ஒட்டி ரீச்சர் ஒரு பின்னேரம் உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்தும் அழுந்தியும் உலோகம் முறிவது, பற்றிப் பேசினார். இந்த வருடத்தின் நல்ல கூட்டம் அதுதான். 1952 மே மாதம் கொமெட் சேவை தொடங்கி, அதே வருடம் ஆவணியில் கொழும்புக்கும் வந்துவிட்டது. 1954இல் ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக மத்தியதரைக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற இடத்தில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பறப்புக்கும் அழுத்தம் ஏறி இறங்குவதுபோல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பழைய பறப்புகளையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் உடல் பிளந்தது. "ஏன் தண்ணி? காத்தை அடிச்சுப் பாக்கலாம்தானே?" என்று ஒரு பிள்ளை கேட்டது. காற்றை அடைத்தால் பிளக்கும்போது வெடித்துச் சிதறும், எங்கே முதலில் கீறியது என்று தேட ஒன்றும் மிஞ்சாது. தண்ணீர் அமுங்காது, கீறினவுடன் அழுத்தம் விழுந்துவிடும். ரீச்சர் ஒரு கம்பித்துண்டை எல்லோர் கையிலும் கொடுத்து வளைத்து நிமிர்த்தச் சொன்னார். 20க்கும் 30க்கும் இடையில் ஒவ்வொன்றாக முறிந்தன.

பொருள் தட்டுப்பாடு வழமைபோல. பெட்டிகள் லண்டன் மாமாமார், பாரிஸ் சித்திமார் தயவில் வருகின்றன, பெரும்பாலும் பழைய பெட்டிகள். ஒட்டும் பசையும் பெயின்றும் மட்டும் வராது, தீப்பற்றும் திரவம் என்பதால் விமானப் பொதியில் ஏற்றமாட்டார்கள். விமானம் செய்யும் பசைக்கு விமானத்தில் இடமில்லை. பசைக்குக் கொழும்பு போகிறவர்களைப் பிடிக்கிறோம், பெயின்றுக்குக் கார் திருத்தும் கடையை நம்பியிருக்கிறோம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை யாரும் பெயின்ற் அடிக்க வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஈரக்காற்றில் அடித்து, விசி-10 முழுக்க மூடுபனி பிடித்ததுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது ஒருவருக்கு. சோளகக் காற்றில் அடித்தால் புழுதி. மாசி பங்குனிதான் நமக்கு வாய்த்த மாதங்கள். மஞ்சளடித்த பழைய டெக்கலை, அதாவது விமானத்தில் ஒட்டும் எழுத்து, சின்னத் தாளை, கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் சில நாளில் வெளுக்கும், அந்த விசயத்தில் வன்னி வெயிலை ஒரு நாடும் வெல்லாது. டெக்கலை ஊறவைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் சுண்ணாம்புத் தடம் விழுகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஒரு போத்தல் போதும்.

தை மாதம் ஒரு பாடசாலை மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைத்தோம். பிள்ளைகளுக்கு அளவு விளங்க ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் ஒரு நெல்மணி வைத்தோம். இந்த அளவில் ஒரு ஆள் 12 மில்லிமீற்றர், நெல்லைவிடக் கொஞ்சம் உயரம். இரண்டாம் நாள் வயதான அம்மா ஒருவர் பேத்தியோடு வந்தார். எயார் லங்கா ட்ரைஸ்டார் முன்னால் நின்று, "எங்கட பெரியவன் எண்பத்துநாலிலை இதிலையோ போனவன்?" என்று கேட்டார். லண்டன் என்றால் இதில் போயிருக்கக்கூடும் என்றோம். ஜன்னல்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். பிறகு இரண்டு கையாலும் தூக்கினார். முன் சில்லு கழன்று மேசையில் விழுந்தது. அம்மா பதறிப்போனார். கட்டிய அண்ணை, ஆறு மாத வேலை அது, "அது கழட்டிப் பூட்டுறதுதான் அம்மா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிச் சில்லைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வரும் ஆண்டுக்கு: போயிங் 747 ஒன்று கேட்டிருக்கிறோம். வந்தால் 49 சென்ரிமீற்றர் நீளம், அதற்கு அலுமாரியில் ஒரு தட்டை அகற்ற வேண்டும். பலாலி விமான நிலையத்துக்கு ஒரு பயணம் என்று தலைவர் சொல்கிறார். அங்கே சென்னையிலிருந்து வருவது சுழலி வைத்த ஏரிஆர், ஜெட் அல்ல என்று இருவர் முகம் சுளித்தார்கள். வந்து பார்த்துவிட்டுச் சுளிக்கலாம்.

கடைசியாக, மன்றத்துக்குச் சொந்தமான சாமணம் இரண்டும் மார்கழியிலிருந்து காணவில்லை. எடுத்துச் சென்றவர் யார் என்று கேட்கமாட்டேன். வெளியே செருப்புக் கழற்றும் இடத்தில் ஒரு பேணி வைத்திருக்கிறேன், போகும்போது அதற்குள் போட்டுவிட்டுப் போகவும்.

செயலாளர்