திருப்புளிக்கு முன் அளவுநாடா

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே பந்தய குவாடை (ஹேண்டில்பார் வைத்த நான்கு சக்கர மோட்டார் வண்டி) எல்லா வகைத் தடங்களுக்கும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை சொன்னது சரி. ஆனால், மேடு பள்ளம் அதிகமென்றால் ப்ரீலோடு வளையத்தை (அதிர்வுதாங்கியான ஷாக்கின் மேல் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் வளையம்) இறுக்கி ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டும் என்று அதில் வந்த யோசனை தவறு. பந்தயத் திடலில் பாதிப் பேர் செய்யும் தவறும் இதுதான்.

வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. ஓர் அங்குலம் அமுங்க 100 பவுண்டு கேட்கும் ஸ்பிரிங், இறுக்கிய பிறகும் அடுத்த அங்குலத்துக்கு அதே 100 பவுண்டைத்தான் கேட்கும். மாறுவது வண்டி நிற்கும் உயரம். இறுக்க இறுக்க வண்டி தூக்கி நிற்கும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இருந்த கீழ்ப்பயணம் குறையும். பிரேக் பிடிக்கும் இடத்துக் குழிகளில் முன்சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளும். ஓட்டுபவர் அதைக் கடினம் என்று நினைத்துக்கொள்வார்.

ஆகவே முதல் வேலை உயரம் அளப்பது. டயரில் பந்தயத்துக்கு வைக்கும் காற்றையே வைக்க வேண்டும். ஓட்டுநர் ஹெல்மெட், பூட்ஸ் உட்பட முழு உடையில் ஏறி உட்கார வேண்டும். முன்னும் பின்னும் நன்றாக அமுக்கி விட்டபின் வண்டியை இரண்டடி உருட்டி நிறுத்த வேண்டும். இந்த உருட்டலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஏ-ஆர்ம் கீழே அமுங்கும்போது முன்சக்கரங்கள் பக்கவாட்டில் விரிய வேண்டும். நின்ற இடத்தில் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. உருட்டாமல் அளந்தால் வண்டி இருப்பதைவிட உயரமாகக் காட்டும். சேஸிஸின் அடிக்குழாயிலிருந்து தரை வரை, முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம் குறித்துவைத்து எப்போதும் அங்கேயே அளக்க வேண்டும். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டுநர் உட்கார்ந்த நிலையிலேயே அமுங்கியிருப்பது தொடங்குவதற்கு நல்ல அளவு.

தாவல்கள் நிறைந்த மண்தடமான மோட்டோகிராஸுக்குச் சுமார் 9 அங்குல உயரத்தில் நிற்கும் வண்டி, தாவல் குறைந்து வளைவு மிகுந்த டிடி, ஃப்ளாட் டிராக் தடங்களுக்கு 6 அங்குலம் வரை இறங்கும். அதை வளையத்தைத் தளர்த்தியே சாதிக்கப் பார்ப்பதுதான் அடுத்த சிக்கல். வண்டி இறங்கும், ஆனால் அதே மெல்லிய ஸ்பிரிங்கில் மேல்நோக்கிய பயணம் குறைந்துபோவதால் சின்ன மேட்டுக்கே அடி முட்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஷாக்குக்குள் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) போட்டு அதன் நீளத்தையே குறைத்து, கடினமான ஸ்பிரிங்கும் மாட்டுவதுதான் முறை. ஸ்பேசர் வேலைக்கு நைட்ரஜன் அழுத்தத்தை இறக்கித் திறக்க வேண்டும். அதற்கான கருவி இல்லாதவர் கையை வைக்காதிருப்பது நல்லது. வளைவில் சாய்வைக் குறைக்க டிடி வண்டிக்கு இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் உதவும். மரவேர், கல் நிறைந்த காட்டுப் பாதைக்கு வரும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு சக்கரம் ஏறுவது மற்றதையும் இழுக்கும்.

அகலமும் தடத்துக்குத் தடம் மாறும். மோட்டோகிராஸ் வண்டிகள் 50 அங்குலத்தை ஒட்டி இருக்கும். மரங்களுக்கிடையே அது உதவாது. யமஹா 2009-இல் கொண்டுவந்த ஒய்எஃப்ஸீ450ஆர் சுமார் 49 அங்குலம். அடுத்த ஆண்டே காட்டுப் பாதைக்கென்று சுமார் 46 அங்குலத்தில் ஒய்எஃப்ஸீ450எக்ஸ் வந்தது. ஒரே வண்டி போதுமென்றால் தனி மாடல் ஏன் தேவைப்பட்டது என்று கேட்கலாம். வித்தியாசத்தில் பெரும்பகுதி ஏ-ஆர்ம், ஆக்சில் (பின்அச்சு), ஷாக் ஆகிய கழற்றி மாட்டும் பாகங்களில்தான். பின்னால் அகலம் மாற்றும் ஆக்சில் இருந்தால் ஸ்பேசரை இடம்மாற்றினாலே போதும். முன்னால் ரிம் ஆஃப்செட்டை (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு) மாற்றி அகலம் கூட்டுவது மலிவு, ஆனால் குழியில் விழும்போதெல்லாம் ஹேண்டில்பார் கையைப் பிடுங்கும். சக்கரம் வெளியே போகப் போக ஷாக்கின் மீது நெம்புவிசை கூடி, அதே ஸ்பிரிங் மெல்லியதாகிவிடும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

உயரம், அகலம், ஸ்பிரிங் மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகும், அது மீண்டு நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகும். திருகை மெதுவாக முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருந்தது என்று எழுதிவைக்க வேண்டும். மூடும்போது பலம் காட்டினால் உள்ளே ஊசிமுனையும் அதன் இருக்கையும் கெடும். ஒரு தடவைக்கு ஒரு திருகு, இரண்டு கிளிக். அதற்கு மேல் வேண்டாம். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையமோ கேபிள் டையோ கட்டி ஓட்டிப் பார்த்தால், தடத்தின் மிகப் பெரிய தாவலில் மட்டும் அது ஷாக் முழுக்க அமுங்கி முட்டும் இடத்தை ஒட்டிவர வேண்டும். எல்லாத் தாவலிலும் முட்டினால் கம்ப்ரெஷன் போதவில்லை. எந்தத் தாவலிலும் அருகே வராவிட்டால் அதிகம்.

ஏமாற்றுவது ரீபவுண்ட்தான். தொடர் மேடுகளில் முதல் மூன்று மெத்தென்று போய், நான்காவதிலிருந்து முதுகில் அடிக்கிறதா? ரீபவுண்ட் மந்தம். ஷாக் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுவதால், ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் கீழேயே தங்கிவிடுகிறது. ஸ்பிரிங் மெலிவு என்று நினைத்துக் கம்ப்ரெஷனைக் கூட்டினால் அடி இன்னும் பலமாகும். ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து வேகமாக்குவதே மருந்து. முதல் மேட்டிலேயே பின்பக்கம் உதைத்துத் தூக்கினால் அதற்கு நேரெதிர். நீண்ட மணல் தடத்துக்கு முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கட்டும். மூக்கு மணலில் குத்தாது.

உயரம் மாறினால் ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறும், டோ அளவும் (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கூடவே நகரும். எனவே ஓட்டுநர் மேலே உட்கார்ந்திருக்க, ஹேண்டில்பாரை நேராகக் கட்டிவைத்து, முதலில் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு), பிறகு டோ. முன்சக்கரங்கள் முன்னால் 3 முதல் 6 மில்லிமீட்டர் உள்வாங்கி இருந்தால் பெரும்பாலான தடங்களுக்குச் சரி. பின்உயரம் மாறியிருந்தால் செயினையும் பார்க்க வேண்டும்: முன்ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் முன்பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை அசையும் மூட்டு), ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கம். அங்கே சிறிதும் தொய்வு இல்லையென்றால் ஓட்டத்தின் நடுவில் அறும்.

கட்டுரையோடு வந்த படத்தில் குவாட் ஸ்டாண்டின் மேல், நான்கு சக்கரமும் தொங்க நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் அளவுநாடாவோடு குனிந்திருக்கிறார். "ஓட்டத்துக்கு முன் உயரம் சரிபார்ப்பு" என்று அடிக்குறிப்பு. அந்த நிலையில் கிடைப்பது மொத்தப் பயணத்தைக் கணக்கிட உதவும் ஓர் எண் மட்டுமே. ஓட்ட உயரம் அல்ல. ப்ரீலோடு வரியைத் திருத்தும்போது அந்த அடிக்குறிப்பையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்