ஐம்பதுக்குக் கீழே என்றால் மூலம்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், மலத்தோடு ரத்தம் போவதாக எழுதிய முப்பத்து நான்கு வயது வாசகருக்குக் கிடைத்த பதில் இது: "ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் புற்றுநோயோ என்று பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும்." நான்கு மாதமாகப் போகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்பக்கத்தில், 'கத்தியின்றி மூலம், பௌத்திரம் ஒரே நாளில்' என்று அரைப்பக்க விளம்பரம். தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

பதில் முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போய்விடலாம். இளம் வயதில் ரத்தம் வந்தால் மூலமோ ஆசனவாய் வெடிப்போ இருப்பதுதான் அதிகம். ஆனால் எது மூலம், எது மூலமில்லை என்று தபாலில் வந்த கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வயதை மட்டும் வைத்துச் சொல்வது அதைவிட மோசம். இளையவர்களுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பக்கத்திலும் மலக்குடலிலும்தான் வருகிறது. அங்கே கசியும் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மூலத்தில் வருவதைப் போலவே வரும். முதியவர்களுக்கு வலப்பக்கக் கட்டிகள் அதிகம். அங்கே குடல் அகலம், மலம் இன்னும் நீராகவே இருக்கும். அடைப்பும் தெரியாது, கசியும் ரத்தமும் கலந்து மறைந்துவிடும். கடைசியில் ஹீமோகுளோபின் 8 என்று ரிப்போர்ட் வரும்போதுதான் சந்தேகம் வரும். ஆக, கண்ணுக்கு ரத்தமே தெரியாத எழுபது வயதுக்காரருக்குக் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) நடக்கிறது. ரத்தத்தைக் கண்ணால் பார்த்துப் பயந்து வரும் முப்பது வயதுக்காரருக்கு ஆயின்மென்ட் கிடைக்கிறது. பெண்ணாக இருந்துவிட்டால் ரத்தசோகையை மாதவிலக்கின் கணக்கில் எழுதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள். மாத்திரையால் மலம் கறுத்துப்போகும். அதன்பிறகு மலத்தின் நிறத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. இளையவர்களில் பலர் நோய் முற்றிய நிலையில் வந்து சேர்வதற்கு இந்த அலைக்கழிப்பு ஒரு முக்கியக் காரணம்.

அந்த வாசகரிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்பீர்கள். கையுறை, கொஞ்சம் ஜெல்லி, ஒரு நிமிடம்: விரல் பரிசோதனை. இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கினால் போதும். விரல் சுமார் 7-8 செ.மீ. எட்டும். சிக்கலில்லாத உள்மூலம் மிருதுவானது, விரலுக்குத் தட்டுப்படாது. கெட்டியாக, மேடாக ஏதாவது தட்டுப்பட்டால் அதை மூலம் என்று விடக் கூடாது. அடுத்தது ரத்தப் பரிசோதனை, உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உட்பட. ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ இரும்புச்சத்து குறைந்திருந்தாலோ, வயது எதுவானாலும் கொலனோஸ்கோபி. மூலம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மேலே பார்க்காமல் விடுவது, எங்கள் துறையில் எல்லோரும் எச்சரிக்கும் பழைய பிழை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், நிற்காத வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை என்ற நான்கு அறிகுறிகளும், இளையவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை முன்பே தலைகாட்டுவதாக 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தங்கள் வாசகர் நான்கில் ஒன்றை வெளிப்படையாகவும் இன்னொன்றை மறைமுகமாகவும் எழுதியே அனுப்பியிருக்கிறார்: ரத்தசோகை இருந்தாலும் மாடிப்படியில் மூச்சு வாங்கும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் தங்கள் மருத்துவப் பக்கத்தின் மீது எனக்குப் பழைய பாக்கிகள் இருக்கின்றன.

முன்பொரு கட்டுரையில், 'பாலிப் என்றாலே புற்றுநோயின் முதல் படி' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி. ஆனால் எந்தப் பாலிப், யாருடைய வயிற்றில்? மூன்று வயதுக் குழந்தைக்கு வலியில்லாமல் ரத்தம் போய், மலக்குடலில் செர்ரிப்பழம் போல ஒரே ஒரு பாலிப் இருந்தால், அது பெரும்பாலும் ஜுவனைல் பாலிப், எடுத்துவிட்டால் முடிந்தது. அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு 5 மி.மீ. அளவில் ஒரு டியூபுலர் அடினோமா (புற்றாக மாறக்கூடிய பாலிப்களில் சாதுவான வகை) இருந்தால், அதை ஸ்நேர் வளையத்தால் வெட்டி எடுத்துவிட்டு 7 முதல் 10 ஆண்டு கழித்துப் பார்த்தால் போதும் என்பதுதான் அமெரிக்க வழிகாட்டுதல். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் அமைப்பு (விரல்விரலாக நீண்ட திசு), உயர்நிலை டிஸ்பிளேசியா (செல்கள் புற்றை நெருங்கிய மாற்றம்), இவற்றில் ஒன்று இருந்தாலும் 3 ஆண்டு. சாதாரண அடினோமா புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இருபத்தெட்டு வயதுக்காரருக்கு அதே 5 மி.மீ. அடினோமா இருந்தால், பாலிப்பை விட்டுவிட்டு முதலில் குடும்பத்தை விசாரிக்க வேண்டும். அப்பாவுக்கோ அத்தைக்கோ குடலில், கர்ப்பப்பையில் புற்று உண்டா, எந்த வயதில்? லிஞ்ச் சிண்ட்ரோம் (குடல், கர்ப்பப்பைப் புற்றுக்கு வழிவிடும் பரம்பரைக் கோளாறு) உள்ள குடும்பம் என்றால் அந்தப் பத்து ஆண்டு ஓரிரு ஆண்டாகச் சுருங்கிவிடும். அதனால்தான் அவர்களுக்கு 20-25 வயதிலேயே தொடங்கி 1-2 ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. பாலிப்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது எஃப்.ஏ.பி. என்ற பரம்பரை நோய்; ஏ.பி.சி. மரபணுவின் கோளாறு. பெருங்குடலை எடுக்காமல் விட்டால் நாற்பது வயதை ஒட்டிப் புற்று ஏறக்குறைய உறுதி. இத்தனையையும் ஒரே தலைப்பில் அடைத்துத் தாத்தாவைப் பயமுறுத்திவிட்டு, பேரனைத் தூங்க வைத்தீர்கள்.

பாலிப்புக்குள்ளேயே புற்று தொடங்கிவிட்ட ஆரம்ப நிலையைப் பற்றித் தங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட வந்ததில்லை. வயது அதிகம் கணக்கில் வருவதே அங்கேதான். குடலின் உள்படலத்துக்கு அடியில் இருக்கும் சப்மியூக்கோஸா அடுக்குக்குள் 1 மி.மீ.க்குக் குறைவாக இறங்கி, ரத்தக்குழாய், நிணநீர்க் குழாய்களில் நுழையாமல், வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தால், எடுத்ததே சிகிச்சை. இந்த நிலைப் புற்றுகளை மொத்தமாகப் பார்த்தால் பத்தில் ஒன்றில் நிணநீர்க்கட்டிக்குப் பரவியிருக்கும். இளையவர்களிடம் செல்கள் ஒழுங்கு கெட்ட வகையும், மோதிரம் போன்ற செல்கள் கொண்ட சிக்னெட் ரிங் வகையும் கூடுதலாக வருவதால், 'எடுத்தாச்சு, வீட்டுக்குப் போங்க' என்று எளிதில் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை பக்கம் தராசு சாயும். எண்பது வயது, இதயம் பலவீனம் என்றால் அதே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கண்காணிப்பதும் நியாயமான முடிவே. ஆனால் அந்த ரிப்போர்ட் உருப்படியாக வர வேண்டுமே! பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் கொட்டி அனுப்பினால், ஆழத்தையும் ஓரத்தையும் எந்த நோய்க்கூறு நிபுணராலும் அளக்க முடியாது. முழுசாக எடுத்துத் தெர்மாகோலில் விரித்துக் குண்டூசி குத்தி அனுப்ப வேண்டும். எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் மை குத்தி அடையாளம் வைக்க வேண்டும். இல்லையென்றால் புண் ஆறியபின் அறுவை நிபுணர் இடத்தைத் தேட வேண்டிவரும். ஐ.எச்.சி. என்ற திசுச் சாயச் சோதனையில், டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவற்றில் ஒன்றான எம்.எல்.எச்.1 இல்லை என்று வந்தால், எழுபத்தைந்து வயதில் அது பெரும்பாலும் முதுமையில் நேர்ந்த மாற்றம். முப்பத்தைந்தில் வந்தால் அது பரம்பரையான லிஞ்ச் ஆக இருக்கலாம், உடன்பிறந்தவர்களையும் கூப்பிட வேண்டும்.

'முழு உடல் பரிசோதனை' சிறப்பிதழை மறக்கவில்லை. சி.இ.ஏ. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை குடல் புற்றை 'முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். ஆரம்பப் புற்றில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். புகைப்பவருக்குப் புற்றே இல்லாமலும் ஏறும். 'குடலைச் சீரழிக்கும் பரோட்டா' அட்டைப்படமும் அப்படித்தான். 1990 வாக்கில் பிறந்த அமெரிக்கர்களுக்கு, 1950 வாக்கில் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்ததைவிட மலக்குடல் புற்று அபாயம் நான்கு மடங்கு என்று 2017இல் கணக்கிட்டார்கள். அவர்கள் யாரும் பரோட்டா சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இலும், அந்நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இலும் அறிகுறி இல்லாதவர்களுக்கும் குடல் புற்றுப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 45க்கு இறக்கின. நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் இந்த நோயால் இறந்தபோது வயது 43. மூன்றாம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது 2016இல். அவருக்குப் பக்கம் நிறைய அஞ்சலி வெளியிட்டது தங்கள் இதழ்தான். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. நம் நாட்டில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளுக்கு அரசுத் திட்டப் பரிசோதனை உண்டு, குடலுக்கு இல்லை. அறிகுறியை மதித்து டாக்டரிடம் போவது ஒன்றுதான் இங்கே வழி. அதையும் ஒரு வரியில் அடைத்துவிட்டீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம். பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்தப் புற்று இருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி என்ற வரியையும் சேருங்கள். கேள்வி கேட்டவரின் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கும். இதழ் வரும்வரை காத்திராமல் அவருக்கு ஒரு கார்டு போடுங்கள். விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை, இரண்டு பக்கம் தள்ளிப் போடலாம்.

இடமில்லையென்றால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். அளவுகளை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பாலிப் தலைப்பைப் பற்றி அப்போதே நான் எழுதிய கடிதத்தில் 10 மி.மீ. என்பதை 10 செ.மீ. என்று அச்சிட்டு, கீழே என் பெயரையும் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
குடல்நோய் மருத்துவர் ஒருவர்,
திருச்சி