எலி பேஸ்ட் தின்ன குழந்தை மறுநாள் விளையாடினா நம்பிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. எலி மருந்து தின்ன குழந்தைன்னு நம்ம பேப்பர்ல அப்பப்ப நாலு வரி நியூஸ் வரும், அதப் படிக்கிறப்பல்லாம் எனக்கு வயித்தப் பிசையும், ஏன்னா அது எங்க வீட்லயே நடந்துச்சு.

அரிசி டிரம்முக்குப் பின்னாடி எலித் தொல்லைன்னு தங்கச்சியோட மாமியார் ராத்திரி மசால்வடைத் துண்டுல பேஸ்ட்டத் தடவி வெச்சிருக்காங்க, காலைல எடுக்க மறந்துட்டாங்க. 3 வயசு பாப்பா கையில பாதி வடையோட வந்து நிக்குது. வாய மோந்து பார்த்தா பூண்டு வாசம், வீட்ல அன்னிக்கு யாரும் பூண்டே உரிக்கல. உடனே அக்கம்பக்கம் எல்லாம் கூடி ஒருத்தங்க உப்புத்தண்ணி கரைச்சுக் குடுத்து வாந்தி எடுக்க வெக்க, இன்னொருத்தங்க பால ஊத்துங்கன்னு சொல்ல, நாங்களும் பதட்டத்துல எல்லாத்தையும் செஞ்சோம். அத்தனையும் தப்புன்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும். சின்னக் குழந்தைக்கு உப்புத்தண்ணி குடுத்தா ரத்தத்துல உப்பு ஏறி ஃபிட்ஸ் வரலாமாம், அந்த பேஸ்ட்ல இருக்குற மஞ்சள் பாஸ்பரஸ் கொழுப்புல கரையுறதால பால், நெய், எண்ணெய் குடுத்தா உடம்புல இன்னும் வேகமா ஏறுமாம்.

பக்கத்து கிளினிக்ல பார்த்துட்டு பாப்பா நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாங்க, நாங்களும் நம்பிட்டோம். மறுநாள் பூராம் ஓடி விளையாடுச்சு, ரெண்டு இட்லி தின்னுச்சு. மூணாம் நாள் காலைல வாசப்படியில உக்கார வெச்சு தலை சீவிவிடும்போது வெயில் முகத்துல பட்டுச்சு பாருங்க, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருந்துச்சு. இந்த விஷம் அப்படித்தானாம், முதல் நாள் வாந்தி வயித்துவலி, அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா உள்ள கல்லீரல் கெட்டுக்கிட்டே இருக்கும். இதுக்குன்னு தனியா மாத்து மருந்து கிடையாது. பெரியாஸ்பத்திரில சேர்த்து தினமும் ரத்தம் உறையுற டெஸ்ட், கல்லீரல் டெஸ்ட் எடுத்து 11 நாள் வெச்சிருந்து காப்பாத்திக் குடுத்தாங்க. இப்ப எல்கேஜி போறா.

எலி மருந்துன்னு பொதுவா சொல்றோம், ஆனா எல்லாம் ஒண்ணு இல்லைங்க. பேஸ்ட் கல்லீரலக் கெடுக்கும், பச்சை நீலக் கலர்ல வர்ற கேக் ரத்தத்த உறைய விடாது, அதுக்கு வைட்டமின் கே ஊசி இருக்கு, கருப்புப் பவுடர் வயித்துக்குள்ள போய் விஷ வாயுவா மாறும். அதனால எந்த எலி மருந்தா இருந்தாலும் காலி டியூபோ அட்டையோ குப்பையில கிடந்தாலும் தேடி எடுத்து டாக்டர் கையில குடுங்க. மண்ணெண்ணெய், பாத்ரூம் கழுவுற ஆசிட் குடிச்ச குழந்தைக்கும் வாந்தி எடுக்க வெக்கவே கூடாது, மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும், ஆசிட் திரும்ப ஏறி வரும்போது தொண்டைய இன்னொரு தடவ வேக வெச்சிடும். அதையெல்லாம் ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வெக்கிற பழக்கத்த தயவுசெஞ்சு விடுங்க.

மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்கு நம்ம மாநிலத்துல தடை போட்டாச்சு. ஆனா போன மாசம் சந்தையில ஊதுபத்திக்கும் கொசுவத்திக்கும் நடுவுல அதே மஞ்சள் டியூப் அடுக்கி வெச்சிருக்காங்க, கேட்டா பழைய ஸ்டாக்குங்கிறாங்க. கை நடுங்கிப்போச்சு எனக்கு. அதிகாரிங்க சந்தை சந்தையாப் போய்ப் பறிமுதல் பண்ணனும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். இனிமே இந்த மாதிரி நியூஸ் போடும்போது கீழ ரெண்டே வரி சேர்த்துப் போடுங்க: உடனே 108 கூப்பிடுங்க, டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தோட இலவச நம்பர் 1800 116 117 ராத்திரியும் எடுப்பாங்க, பேஸ்ட் தின்ன குழந்தைய டாக்டர் டெஸ்ட் பார்த்து அனுப்புற வரைக்கும் நல்லாயிருக்குன்னு நீங்களா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா,
கோபிசெட்டிபாளையம் பக்கம்